நினையாமல் வந்தவள்

எனக்கு நாற்பத்தைந்தாவது வயதில் தைராய்டு வந்தது. கனடாவில், ஸ்காபரோவில் உள்ள தமிழரில் பாதிப் பேருக்கு இது தெரியும். உண்மையில் வந்தது தைராய்டு அல்ல, பிள்ளை. பிள்ளையைத் தைராய்டாக்கி ஊருக்கு அறிவித்தவர் என் கணவர் ஜனார்த்தன்.

முழுப் பழியையும் அவர் தலையில் போட மாட்டேன். முக்கால்வாசியைப் போடுவேன். மாதத்தில் வரவேண்டியது வராமல் நின்றபோது, சரி, அந்தக் காலம் வந்துவிட்டது என்றுதான் இருந்தேன். என் வயதுப் பெண்களுக்கு இப்போது அதுதான் கதை. வியர்த்துக் கொட்டுகிறது, கண்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது, புருஷன் முகத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது என்பார்கள். எனக்குக் கோபம் பிறவிச் சொத்து. ஆகவே வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. டொக்டர் சிரித்த முகத்தோடு "கொங்கிராஜுலேஷன்ஸ்" என்றபோது, எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜனார்த்தனுக்குக் காருக்குள் வைத்துச் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. பிறம்ரனில் நாள் முழுக்கப் போர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வருகிற மனிதரின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கனகாலம் கண்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு உங்களுக்கு? இந்த வயசில இப்பிடி நடக்குமெண்டு நான் நினைக்கவேயில்லை. லக்சிகாக்கு என்னெண்டு சொல்லுறது?"

சிரிப்பு அணைந்துவிட்டது.

லக்சிகா எங்கள் ஒரே மகள். இருபது வயது. ஒட்டாவாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்தக் கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு வராமல் அங்கேயே ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு இன்னொரு பிள்ளை வேண்டுமென்று நாங்கள் ஏறாத கோயில் இல்லை. வரவில்லை. ஏழெட்டு வருடம் பார்த்துவிட்டுத் தொட்டிலைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது அவளுக்குக் கலியாணம் பேசுகிற வயது. இந்த நேரத்தில் தாய் பிள்ளைத்தாய்ச்சியாக நிற்கிறேன்.

ஊரை விடுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்கு எனக்கும் வாய் இருக்கிறது. என் பயமெல்லாம் ஒரேயொருத்திக்குத்தான். என் மகள் முகம் சுளித்தால், இந்தப் பிள்ளையை நான் எந்த முகத்தோடு கையில் வாங்குவேன்? எனவே சொல்வதைத் தள்ளிப்போட்டேன்.

நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஜெயமலர் மச்சாள் தொலைபேசியில் வந்தார். இவர் என் கணவரின் அக்கா. நான் ஏன் இரண்டு வெள்ளியாகக் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறார். போனை எடுத்த ஜனார்த்தனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவன் சொல்கிற பொய்தான் பெரிதாக இருக்கும். "அவவுக்குத் தைராய்டு அக்கா" என்று சொல்லிவிட்டார்.

மச்சாளிடம் ஒன்றைச் சொன்னால் வானொலிக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வாரம் முடிவதற்குள் வீட்டுக்கு மருந்து வரத் தொடங்கியது. கொத்தமல்லி அவித்த தண்ணீர் வந்தது. ஒருவர் முருங்கையிலை சாப்பிடு என்றார், இன்னொருவர் முருங்கையிலையைத் தொட்டுவிடாதே என்றார். மச்சாள் எனக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினார். ஓகஸ்ட் கடைசியில் அவருடைய மகள் சிவானிக்குக் கலியாணம். அதற்குள் நான் தேறி எழும்பி, மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்கவேண்டும் என்பது அவருடைய நேர்த்தி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்பார்கள். அவர்கள் சொன்ன பூசணிக்காய் சும்மா கிடக்கும். நான் மறைத்தது நாளுக்கு நாள் வளர்ந்தது. லக்சிகா வீடியோவில் அழைத்தால் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டினேன். அவள் கழுத்தையே உற்றுப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் வேலை செய்வது ஒரு லோண்டரியில். கலியாண மண்டபங்களுக்கு மேசைவிரிப்பும் கதிரை உறையும் தோய்த்து, இஸ்திரி போட்டு அனுப்புகிற இடம். பெரிய விரிப்புகளை இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று மடிக்கவேண்டும். என்னோடு மடிப்பவள் பெயர் சிகுதானி. கிழக்காபிரிக்காவின் சன்சிபார் தீவிலிருந்து வந்த முஸ்லிம் பெண். முப்பத்தெட்டு வயது, வாட்டசாட்டமான ஆள். தலைக்குக் கட்டுகிற துணி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம். மோர்னிங்சைட்டில் இருக்கிறாள், நான் மல்வேர்னில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாதித் தூரம் ஒரே பஸ். நாங்கள் பேசிக்கொள்வது இரண்டு பேரும் சேர்ந்து தைத்த ஒரு ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் அவளுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே தமிழில் தருகிறேன்.

ஒருநாள் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தவள், கிட்ட வந்ததும் நின்றாள்.

"எத்தினை மாசம்?"

என் கையிலிருந்த மூலைகள் நழுவிவிட்டன. வெள்ளை விரிப்பு நிலத்தில் விழுந்தது. எங்கள் சுப்பர்வைசர் வின்சன்ற் அறையின் அந்தத் தொங்கலிலிருந்து கத்தினார்: "உந்த விரிப்பைத் திரும்பத் தோய்க்கப் போடுங்கோ!"

"என்ன மாசம்? எனக்குத் தைராய்டு" என்றேன்.

"ஓகோ. தைராய்டு உதைக்கத் தொடங்கிட்டுதோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

என்ன செய்வது, சிரித்துவிட்டேன். சிரித்த வாயால் எல்லாவற்றையும் சொல்லியும்விட்டேன். இரண்டு மாதமாக வெளியில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்ல வாய் வெட்கமில்லாமல் ஓடியது. மகளை நினைத்துப் பயப்படுவதையும் சொன்னேன். அவள் மடிப்பை நிறுத்தவில்லை. வருவாள், மூலைகளைத் தருவாள், போவாள்.

"நிசாந்தினி, என்ர பேருக்கு என்ன கருத்தெண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

இரண்டு வருடம் ஒன்றாக மடிக்கிறோம். ஒருநாளும் கேட்டதில்லை.

"எங்கட ஊரில பேரே கதை சொல்லும்" என்றாள். "என்ர மூத்த அக்கா முவனஜுமா. வெள்ளிக்கிழமை பிறந்தவ எண்டு கருத்து. இன்னொரு அக்கா டாட்டு. மூண்டாவது பிள்ளை. பேரைக் கேட்டாலே ஆள் எப்ப வந்தவ, எப்பிடி வந்தவ எண்டு தெரியும். உம்மட மகளின்ர பேருக்கு என்ன கருத்து?"

லக்சிகா என்ற பெயருக்கு என்ன கருத்து? நான் யோசித்தேன். எண் சாத்திரக்காரர் 'ல'வில் தொடங்கவேண்டும், கூட்டினால் ஐந்து வரவேண்டும் என்றார். நாங்கள் எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்து ஐந்து வந்தவுடன் நிறுத்திக்கொண்டோம். அதைத்தான் சொன்னேன்.

"அஞ்சோ? ஒரே பிள்ளைக்கு அஞ்சு எண்டு பேரோ?" அவள் விரிப்பில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "சரி, உம்மட பேருக்கு என்ன பெரிய கருத்து? சொல்லும் பாப்பம்."

"சிகுதானி எண்டால் 'நான் நினைக்கேல்லை' எண்டு கருத்து. என்னைப் பெறேக்க அம்மாக்கு நாப்பத்தாறு வயசு."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்களிலும் சில இடங்களில் பெண்பிள்ளை கூடிப்போனால் 'போதும்' என்று பெயர் வைக்கிற வழக்கம் இருந்தது. அது உடனே நினைவுக்கு வந்தது. பெற்ற தாயே 'உன்னை நான் நினைக்கவில்லை' என்று பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டி அனுப்புவதா? பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பிள்ளை 'ஓம், நான்தான் அந்த நினைக்காதது' என்று எழும்பி நிற்பதா?

"உம்மட அம்மாக்கு வேற பேர் கிடைக்கேல்லையோ? பிள்ளைக்கு இப்பிடி ஒரு அநியாயம் செய்யலாமோ?" என்று வெடித்தேன்.

அவள் என்னைப் புதினமாகப் பார்த்தாள். அன்று பஸ்ஸில் நான் தனியாகப் போய் முன் இருக்கையில் இருந்தேன். வீட்டுக்குக் கிட்ட இறங்கி நடக்கும்போதுதான் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அன்று காருக்குள் நான் சொன்னதும் அதே வார்த்தைதான். என் வயிற்றில் இருந்தது அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கும்? நடைபாதையில் நின்று வயிற்றைத் தடவி, "உன்னைச் சொல்லேல்லையடா" என்றேன். எதிரே நாயோடு வந்த வெள்ளைக்காரர் தனக்கு என்று நினைத்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் இடைவேளையில் சிகுதானி ஒரு டப்பாவைத் திறந்து என் முன்னால் தள்ளினாள். தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்த மாவில் பொரித்த, எங்கள் வாய்ப்பன் மாதிரியான பண்டம். கோபக்காரிக்கும் பசி உண்டு. நான் மூன்றாவதை எடுக்கும்போது அவள் தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, அக்கா முவனஜுமாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

"நான் சொன்னால் நீர் சண்டைக்கு வருவீர். பேர் வைச்ச ஆளிட்டயே கேளும்."

திரையில் அறுபது வயதுப் பெண் ஒருவர் தோன்றினார். பின்னால் ஒரு சேவல் நடந்து திரிந்தது. அவர் தன் மொழியில் கதை சொன்னார், இவள் எனக்கு மாற்றிச் சொன்னாள். இருவரும் சிரித்த நேரம்தான் கூட.

அவர்களின் தாய் நாற்பத்தாறு வயதில் பிள்ளைத்தாய்ச்சி என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லையாம். பெண்கள் வெளியே போட்டுக்கொண்டு போகும் கறுப்பு அங்கி உதவி செய்திருக்கிறது. கேட்டவர்களுக்கு வயிற்றில் காற்று என்று சொல்லியிருக்கிறார். சன்சிபாரில் காற்று, ஸ்காபரோவில் தைராய்டு. முவனஜுமா அப்போது கலியாணம் முடித்து, கையில் சொந்தக் குழந்தையோடு அடுத்த தெருவில் இருந்திருக்கிறார். ஒருநாள் தேங்காய் துருவுகிற பலகையை இரவல் கேட்டுத் தாய் வீட்டுக்கு வந்தால், உள்ளே மருத்துவிச்சி நிற்கிறாள், பாயில் தாய் கிடக்கிறார், பக்கத்தில் ஒரு குழந்தை கத்துகிறது.

"குழந்தையைத் தூக்கி வைச்சுக்கொண்டு அக்கா சொன்ன முதல் வார்த்தைதான் என்ர பேர்" என்றாள் சிகுதானி. "அக்கா, எப்பிடிச் சொன்னனீங்கள்? நிசாந்தினிக்குச் சொல்லிக் காட்டுங்கோ."

முவனஜுமா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து, கண்ணை அகல விரித்து, "சிகுதானி!" என்றார்.

கதவைத் திறக்கிறீர்கள், கடல் கடந்து போய் இனி வரமாட்டார் என்று நீங்கள் நம்பிய ஆள் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். அப்போது எப்படிச் சொல்வீர்கள்? அப்படிச் சொன்னார். அந்தச் சத்தத்தில் தள்ளிவிடுகிற தொனி ஒரு துளியும் இல்லை.

ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது பள்ளிவாசல் பெரியவர் ஒருவர், வேதத்தில் உள்ள பெயர் ஏதாவது வைத்தால் நல்லதல்லவா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். தாய் உள்ளே இருந்தபடியே பதில் சொன்னாராம்: "நான் கேக்காததை அல்லா தந்தவர். நான் நினைக்கேல்லை எண்டு அவருக்கு நன்றி சொல்லுறன். அவருக்கு சுவாகிலி விளங்காதோ?" பெரியவர் சிரித்துவிட்டுப் பிள்ளையின் காதில் அந்தப் பெயரையே சொல்லியிருக்கிறார்.

"எங்கட பக்கத்தில ஒரு சிகுதானி இல்லாத தெரு குறைவு" என்றாள் இவள். "கனகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து கிடைச்சவளும் சிகுதானி, பேரப்பிள்ளையோட சேர்ந்து பிறந்தவளும் சிகுதானி. பேரைச் சொன்னாலே கிழவியள் பிடிச்சுக் கொஞ்சுவினம். நான் சின்னனில ஒரு கடைக்கும் சும்மா போய் வந்ததில்லை, கையில இனிப்பு இல்லாமல்."

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். தொலைபேசிக்குக் கிட்டப் போய்க் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு வெக்கமா இருக்கேல்லையோ? கையில உங்கட பிள்ளை, பாயில அம்மான்ர பிள்ளை."

இவள் மாற்றிச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"வெக்கமில்லை, கோபம்" என்றார். "அந்த வயித்தோட கிணத்தில தண்ணி அள்ளியிருக்கிறா. நான் அடுத்த தெருவில சும்மா இருந்தனான். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் வந்து சமைச்சுக் குடுத்திருக்க மாட்டனோ? அம்மா மௌத்தாகிப் பத்து வருசம். அந்தக் கோபம் இன்னும் போகேல்லை."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இன்றைக்கே லக்சிகாவுக்குச் சொல்வது என்று முடிவுகட்டிவிட்டேன்.

முடிவுகட்டுவது சுகம், சொல்வதுதான் கஷ்டம். அன்று மாலை லக்சிகா தொலைபேசியில் ஒருமாதிரி இருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். "ஓம் அம்மா." "சரி அம்மா." "நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ." இந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? கலியாணத்துக்கு வருவாள்தானே, நேரே சொல்லலாம் என்று விட்டேன்.

வந்தாள். கலியாணத்துக்கு முதல் நாள் வந்தாள். வீடு நிறைய லண்டன், பாரிஸ் சொந்தக்காரர். குளியலறைக்கே வரிசை, தனியாகக் கதைக்க எங்கே இடம்? லக்சிகா என்னைப் பட்டும் படாமலும் அணைத்தாள். நான் எதைத் தூக்கினாலும் கையிலிருந்து பறித்தாள். என்னைப் பார்ப்பாள், நான் பார்த்தால் கண்ணை எடுத்துவிடுவாள். கண்கள் சிவந்திருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்து, அருவருத்து, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரிகிறாள். அன்றைக்கு நான் சாப்பிட்டது என்ன என்றுகூட நினைவில்லை.

மறுநாள் மண்டபம். எங்கள் லோண்டரி விரிப்புகள்தான் எல்லா மேசையிலும். மணமகனின் ஆட்கள் மட்டக்களப்பு. அவர்களின் பெண்கள் மாப்பிள்ளை உள்ளே வரும்போது குரவை போட, எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அழைத்திருந்த சிகுதானி மஞ்சள் தலைத்துணியோடு ஏழாம் மேசையில் இருந்தாள். குரவைச் சத்தம் கேட்டதும் துள்ளி எழும்பித் தானும் நாக்கைச் சுழற்றிப் போட்டாள் ஒரு குரவை. அவர்கள் ஊரிலும் கலியாணத்துக்கு அதுதானாம். மட்டக்களப்புப் பெண்கள் திரும்பிப் பார்த்து, மகிழ்ந்துபோய், இன்னும் ஓங்கிப் போட்டார்கள். அன்றைக்கு அவளைத் தங்கள் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போகாத குறை.

தாலி கட்டி முடிந்தால் ஆலாத்தி. இரண்டு சுமங்கலிகள் மணமக்களுக்கு முன்னால் எதிரெதிராக நின்று தட்டைச் சுற்றவேண்டும். நான் ஒருத்தி. சேலைத் தலைப்பை எப்படியாவது இழுத்துப் போட்டு மறைக்கலாம் என்றிருந்தேன். ஆனால் பிளவுஸ் கடைசி நேரத்தில் காலை வாரியது. ஊக்கு ஒன்று பட்டென்று அறுந்து பறந்தது. மணமகள் உடுத்துகிற அறைக்குள் ஓடிப்போய், லக்சிகாவை ஊசி கொண்டுவரச் சொன்னேன்.

வந்தவள் கதவைச் சாத்தினாள். நான் தலைப்பை இறக்கினேன். வேறு வழியில்லை. வயிறு முழுசாக வெளியே தெரிந்தது.

லக்சிகா அப்படியே லெஹங்காவோடு நிலத்தில் குந்திவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இவ்வளவு பெரிசோ? கட்டி இவ்வளவு பெரிசா வந்திட்டுதோ?"

"என்ன கட்டி?"

"ஸ்டொப் லையிங், அம்மா! ஜெயமலர் மாமி எல்லாம் சொல்லிட்டா. தைராய்டு எண்டு தொடங்கி, பிறகு கழுத்தில கட்டி எண்டா, பிறகு டொக்டர்மார் கைவிட்டிட்டினம் எண்டு ஆரோ சொன்னவையாம். நான் எல்லாம் வாசிச்சன். அது வயித்துக்குப் பரவும் எண்டு போட்டிருந்தது. ஐ நோ. எனக்குத் தெரியும். அடுத்த செமஸ்ரருக்கு நான் லீவு போட்டிட்டன். வீட்டில நிண்டு உங்களைப் பாக்கப் போறன்."

தைராய்டு ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுத்து ஒட்டாவா வரை போயிருக்கிறது. என் பிள்ளை இரண்டு மாதமாகத் தனியறையில் இருந்து என்னைப் பற்றி வாசித்து வாசித்து அழுதிருக்கிறாள். நான் முகத்தை மட்டும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கட்டி இல்லையடி" என்றேன். "பிள்ளை."

"யாற்ற பிள்ளை?"

"வேற யாற்ற? எங்கட பிள்ளைதான்!"

"யூ ஆர் ஃபோர்ட்டி ஃபைவ்!"

"எனக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். கண் மை கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கையில் கிடைத்த பூமாலைப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

"நீங்கள் சாகப்போறீங்கள் எண்டு நினைச்சன்! டூ மன்த்ஸ்! ஒவ்வொரு நாளும் அதை நினைச்சுக்கொண்டு லாப்புக்குப் போனன்! இதைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையோ?"

"நீ வெக்கப்படுவாய் எண்டு பயந்தன்."

"வெக்கமோ? அம்மா, ஆர் யூ கிரேஸி? நீங்கள் சாகேல்லை!"

அதற்குப் பிறகு அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு இரண்டையும் செய்தாள். எனக்கு வெட்கம் வந்தது உண்மைதான். நான் இவ்வளவு நாளும் பயந்த வெட்கம் அல்ல அது. என் மகளை இவ்வளவு குறைவாக எடைபோட்டுவிட்டேனே என்ற வெட்கம். அவள் தலையைத் தடவி, "என்னை மன்னிச்சுக்கொள்ளடி" என்றேன். நான் யாரிடமும் லேசில் சொல்லாத வார்த்தை அது.

கதவு திறந்தது. ஜெயமலர் மச்சாள் பட்டுச்சேலை சரசரக்க வந்து நின்றார்.

"அங்க ஆலாத்திக்கு ஐயர் கூப்பிடுறார். இஞ்ச என்ன செத்தவீடே நடக்குது?"

"மாமி, அம்மாக்குத் தைராய்டு இல்லை" என்றாள் லக்சிகா, நிலத்தில் இருந்தபடியே. "பேபி."

மச்சாள் கதவைச் சாத்தினார். பிறகு என் வயிற்றைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நான் பிடிச்ச வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம்?"

"பிள்ளைக்குச் சேரும் மச்சாள்" என்றேன்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்! நான் ஊர் முழுக்கத் தைராய்டு எண்டு சொல்லிப்போட்டன். இனி எத்தினை பேருக்குத் திருப்பிப் போன் எடுக்கோணும்!" அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடே ஊசியை வாங்கி, என் பிளவுஸை இழுத்துக் குத்தினார். "நில்லும் நேரா. எத்தினை மாசம்? சாப்பிட்டனீரோ? பிள்ளைத்தாய்ச்சி ஆலாத்தி எடுக்கிறதோ எண்டு ஆரும் வாய் திறந்தால், என்னட்ட அனுப்பிவிடும்."

மேடையில் ஏறினேன். இந்தமுறை சேலைத் தலைப்பை இழுத்து மூடவில்லை. மச்சாள் தன்னுடைய திருத்தச் செய்தியை முன்வரிசையிலிருந்தே தொடங்கியிருக்கவேண்டும். நான் தட்டைச் சுற்றத் தொடங்கும்போது முதல் வரிசை என் வயிற்றைப் பார்த்தது, முடிக்கும்போது கடைசி வரிசையும் பார்த்தது. ஏழாம் மேசையிலிருந்து ஒரு குரவை கிளம்பியது. அது மணமக்களுக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். மட்டக்களப்புப் பெண்களுக்குத் தெரியாது. அவர்களும் சேர்ந்து போட்டார்கள். கீழே ஜனார்த்தன் அன்றைக்குக் காருக்குள் சிரித்த அதே சிரிப்போடு நின்றார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். மனிதர் பயந்து பின்னால் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் லக்சிகா எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். ஒரு கையால் எனக்குச் சோடாவை நீட்டி, மறு கையால் தொலைபேசியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள், லீவு வேண்டாம், வருகிறேன் என்று. எங்கள் மேசைக்கு ஆட்கள் வந்து வந்து போனார்கள். பாரிஸிலிருந்து வந்த ஒரு அன்ரி, "இந்த வயசிலயோ?" என்று இழுத்தார். எனக்கு முன் லக்சிகா நிமிர்ந்தாள். "ஓம் அன்ரி, இந்த வயசிலதான். பாயாசம் எடுத்தனீங்களோ?" என்றாள். அன்ரி பாயாசம் எடுக்கப் போய்விட்டார். இவள் என் பிள்ளைதான், சந்தேகமில்லை.

அந்த நேரம் மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். வயிற்றுக்குள் இருந்தது துள்ளியது. நான் லக்சிகாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அசையாமல் இருந்தாள். திரும்பவும் ஒரு உதை. அவள் மூச்சை இழுத்தாள்.

பிறகு குனிந்து, என் சேலை மடிப்புக்குக் கிட்ட வாயை வைத்து, அவ்வளவு சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"ஏய். கேக்குதோ? நான் உன்ர அக்கா."

இருபது வருடம் தனியாக வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல்லைத் தனக்கென்று சொல்லிப் பார்க்க அவளுக்கு இதுவரை இடமே இருந்ததில்லை. சொல்லிவிட்டு, சரியாக வந்ததா என்று பார்ப்பதுபோல இன்னொரு தரம் சொன்னாள்.